குடும்பத்துக்கு ஏழு சீட் வண்டி: மலையில் இருப்பவர்கள் எப்படிப் பார்த்து வாங்குவது

நான் குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் நிற்கும்போது தெரிந்தவர்கள் வந்து, "அண்ணா, வீட்டுக்கு ஏழு சீட் வண்டி பார்க்கிறோம். எர்டிகா எடுக்கலாமா, கேரன்ஸ் எடுக்கலாமா, இல்லை கொஞ்சம் கூடப் போட்டு இன்னோவாவே எடுத்துடலாமா?" என்று கேட்பார்கள். நான் உடனே ஒரு பேரைச் சொல்லிவிட மாட்டேன். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக் கல்லாறில் இருந்து மேலே ஏறி வந்து பாருங்கள், கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவர் இறங்கியதும் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், அதற்கப்புறம் பேசலாம் என்பேன்.

கீழே இருப்பவர்கள் எழுதும் விமர்சனம் சென்னைக்கும் கோவைக்கும் சரியாக இருக்கலாம். நமக்கு மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1850 மீட்டரில், ஊட்டி 2240 மீட்டரில். அவிநாசி சாலையில் சீறிக்கொண்டு ஓடின வண்டி இந்த ஏற்றத்தில் எப்படி இருக்கும் என்பதை ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

யார் எங்கே உட்காரப் போகிறார்கள்

ஷோரூம் போவதற்கு முன்னால் ஒரு தாளில் வீட்டு ஆட்களின் பேரை எழுதி, ஒவ்வொருவரும் எந்த சீட்டில் உட்காருவார் என்று குறியுங்கள். இதைச் செய்யும்போதே பாதிப் பேச்சு முடிந்துவிடும். அப்பா முன்சீட், பாட்டி நடுசீட்டில் கதவோரம், கைக்குழந்தைக்குத் தனி இருக்கை, அதன் பக்கத்தில் அம்மா. மிச்சம் யார் கடைசி வரிசைக்குப் போவது? பெரும்பாலான வீடுகளில் "பசங்க பின்னாடி உட்காரட்டும்" என்பார்கள். இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம், ஏழு பேரும் சேர்ந்து எத்தனை முறை போவீர்கள் என்று நேர்மையாக யோசியுங்கள். பொங்கலுக்குச் சொந்த ஊர், தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் உறவுக்காரர்கள், ஒன்றிரண்டு கல்யாணம், இவ்வளவுதான் என்றால் ஐந்து சீட் வண்டியே போதும். அந்த நாட்களுக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டாக்ஸிக்காரன் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வருஷம் முழுக்கப் பெரிய வண்டியின் தவணை, இன்ஷூரன்ஸ், டயர், டீசல் எல்லாம் கட்டிக்கொண்டு, கடைசி சீட்டை மடக்கியே வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்து நிறைய இருக்கின்றன. மாதம் ஒரு முறையாவது ஆறு பேருக்கு மேல் சேர்ந்து போகிறோம், வயதானவர்களைக் கோவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றால் மேலே படியுங்கள். உங்களுக்கு இந்த வண்டி வேண்டும்.

ஏற்றத்தில் இழுக்கிறதா

உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துபோகும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் தன் சக்தியில் ஏறக்குறைய 10 சதவீதத்தை இழக்கும். எர்டிகாவில் இருக்கும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 103 குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். ஊட்டிக்கு வரும்போது அதில் எண்பது சொச்சம்தான் மிஞ்சும். டொயோட்டா ருமியன், எக்ஸ்எல்6 இரண்டிலும் அதே எஞ்சின்தான். ரெனோ டிரைபரின் 1 லிட்டர் எஞ்சின் தொடக்கத்திலேயே 72. அதை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். டர்போ உள்ள எஞ்சின்களில், டீசலானாலும் பெட்ரோலானாலும், உள்ளே போகும் காற்றை அழுத்தித் தருவதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

அடுத்தது எடை. பெரியவரும் சிறியவருமாக ஏழு பேர், ஆளுக்குச் சராசரி 60 கிலோ என்று வைத்தால் 420 கிலோ. பைகளோடு சேர்த்து 500 கிலோவுக்குப் பக்கம் போய்விடும். எர்டிகா தனியாகவே 1200 கிலோ சுமார்தான். அதாவது வண்டியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை மேலே ஏற்றிவைத்துக்கொண்டு, சக்தி குறைந்துகொண்டே போகும் எஞ்சினால் மலை ஏறுகிறோம். இதனால் எர்டிகா மோசம் என்று அர்த்தமில்லை. எங்கள் ஸ்டாண்டிலேயே அந்த வண்டி ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஓட்டுபவர் தயங்காமல் இரண்டாம் கியருக்கு இறங்கி, எஞ்சினைக் கொஞ்சம் சத்தம் போடவிட்டு ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்றாம் கியரிலேயே மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவருக்கு இது ஒத்துவராது.

ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். ஷோரூமில் கேட்டால் பக்கத்து ரவுண்டானா வரை போய்வரச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கோவை ஷோரூம் என்றால், குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் நிற்கிறோம், வண்டியை அங்கே கொண்டுவாருங்கள் என்று கேளுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் கொடுக்கப் போகிறவர் இதைக் கேட்பதில் தப்பே இல்லை. எல்லாரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, கல்லாறு தாண்டி முதல் சில கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுங்கள். பர்லியார் வழியில் மொத்தம் 14 இருக்கின்றன. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போவதால் அந்த வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி ஏற வேண்டும், அங்கேதான் சரிவு அதிகம். வளைவை முடித்து ஸ்டியரிங்கை நேராக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உடனே எழுந்து வருகிறதா, இல்லை ஒரு நொடி யோசித்துவிட்டு அப்புறம் பாய்கிறதா? டர்போ வண்டிகளில் எஞ்சின் சுற்று 1500-க்குக் கீழே விழுந்தால் இந்தத் தயக்கம் வரும். பழகினால் சமாளிக்கலாம். ஆனால் அது இருப்பது தெரிந்து வாங்க வேண்டும்.

பிறகு, அகலமான, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து ஏற்றத்திலேயே முழுதாக நிறுத்துங்கள். மறுபடி எடுங்கள். இதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்யுங்கள். ஹில் ஹோல்ட் வண்டியைப் பின்னால் நழுவாமல் பிடிக்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா என்று பாருங்கள். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு செய்தாலும், காட்டேரி என்ற ஊருக்கு மேலே வண்டிகள் ஊர்ந்துதான் வரும். அந்த ஊர்தலை ஏழு பேரோடு தாங்குமா என்பதற்குத்தான் இந்தச் சோதனை.

ஆட்டோமேட்டிக் எடுக்க நினைப்பவர்கள் எந்த வகை கியர்பாக்ஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை, ஏற்றத்தில் ஊர்வதற்கு நிம்மதியானது. எர்டிகாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும், கேரன்ஸ் டீசல் ஆட்டோமேட்டிக்கும் அந்த வகை. கேரன்ஸ் டர்போ பெட்ரோலில் வருவது இரட்டை கிளட்ச். ஓடும்போது அருமையாக மாறும், ஆனால் ஏற்றத்தில் அடி அடியாக நகரும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். அப்படிப்பட்ட இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்காமல், முன்னால் இடம் விட்டு, பிரேக்கில் நின்று, ஒரேயடியாக நகர வேண்டும்.

டீசலைப் பற்றி ஒரு விஷயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததில் இருந்து டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை எரிக்க, புகைப்போக்கி நன்றாகச் சூடேறும் அளவுக்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். குன்னூர் பெட்போர்டில் இருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட், வீடு என்று மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அடிக்கடி கோவை போய்வரும் வீட்டுக்கு டீசல் மலையில் மிக நல்லது. ஊருக்குள்ளேயே சுற்றும் வீட்டுக்குப் பெட்ரோல்தான் சரி. சிஎன்ஜி வேண்டாம் என்பேன். எர்டிகா சிஎன்ஜியில் ஓடும்போது குதிரைத்திறன் 88-க்கு இறங்கிவிடும், பெட்டி வைக்கும் இடமும் சிலிண்டருக்குப் போய்விடும்.

மின்சார வண்டி பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஆட்களோடு 2200 கிலோ எடையை மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி உயரத்துக்குத் தூக்க மட்டுமே 11 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓடும் செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே கீழே இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது, மோட்டார் தரும் தடுப்பு குறையும், சுமை பிரேக் மேல் விழும். மலையில் இருப்பவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது. இன்னோவா ஹைகிராஸ் போன்ற, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டில் பேட்டரி சிறியது, பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிடும். அதற்கப்புறம் எஞ்சின் வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது சுற்றுகிறது.

கடைசி சீட்

இந்த வண்டிக்குப் பணம் கொடுப்பதே இந்த சீட்டுக்காகத்தான். ஆனால் வாங்குபவர்கள் ஷோரூமில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து டச் ஸ்கிரீனைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் உயரமான ஆளைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். நடுசீட்டில் இருப்பவர் தன் வசதிக்குத் தள்ளி உட்கார்ந்த பிறகு பின்னால் முழங்காலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் கடைசி சீட் தரையை ஒட்டி இருக்கும். தொடை சீட்டில் படியாமல் முழங்கால் நெஞ்சுக்கு நேராக ஏறி நிற்கும். ஐந்து நிமிஷத்துக்கு அது தெரியாது. கோவையில் இருந்து வரும்போது பர்லியாருக்குள்ளேயே இடுப்பு சொல்லிவிடும்.

எடப்பள்ளியில் ஒரு குடும்பத்தோடு வண்டி பார்க்கப் போனேன். ஏழு சீட், நல்ல விலை, எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வீட்டில் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. "அம்மா, ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்க" என்றேன். நடுசீட்டுக்கே புடவையைப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பற்றி, இரண்டு முயற்சியில் ஏறினார். "தம்பி, மழையில இந்த வண்டியில ஏற எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்த வண்டியை விட்டுவிட்டு, தரை கொஞ்சம் தாழ்ந்த வேறு வண்டியை எடுத்தார்கள். ஏறும் உயரம் அவ்வளவு முக்கியம். இன்னோவா கிரிஸ்டா மாதிரி சட்டகத்தின் மேல் உடலை வைத்துக் கட்டிய வண்டிகள் உயரமாகத்தான் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் பக்கவாட்டுப் படி வைக்க வேண்டியிருக்கும். எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ் இவற்றில் ஏறுவது எளிது.

கைக்குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். கடைசி வரிசைக்குப் போக நடுசீட்டை மடக்கித் தூக்க வேண்டும். அந்த சீட்டிலேயே குழந்தை இருக்கையை ஐசோஃபிக்ஸ் என்னும் கொக்கியில் மாட்டிவிட்டால் அது மடங்காது. எந்தப் பக்கம் மடங்குகிறது, எந்தப் பக்கம் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, இரண்டும் மோதாமல் இருக்குமா என்று உங்கள் இருக்கையையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஆறு சீட் வகையில் நடுவில் தனித்தனி இருக்கைகள் வரும். இடையில் நடந்து போகலாம், வயதானவர்களுக்குக் கையை வைத்துக்கொள்ளவும் வசதி. ஒரு ஆளுக்கான இடம் குறையும். நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் சரியான வண்டி என்று நினைக்கிறேன்.

இப்போது பிள்ளைகள் விஷயம். கடைசி சீட் பின்சக்கரத்துக்கு மேலேயோ அதற்குப் பின்னாலேயோ இருக்கிறது. வளைவில் அந்த இடம்தான் அதிகம் ஆடும். அங்கே ஜன்னல் கண்ணாடி இறங்காது, வெளியே பார்க்கும் திறப்பும் சின்னது. வாந்தி வரும் பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் கட்டாயம் வாந்தி வரும். டாக்ஸியில் பின்சீட்டில் வாடி வதங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வண்டியை நிறுத்தி முன்னால் மாற்றி உட்கார வைத்தால், அடுத்த இரண்டு வளைவுக்குள் பேச ஆரம்பித்துவிடும். ஆகவே மலையில் கடைசி வரிசைக்கு, தலைசுற்றல் இல்லாத, இடுப்பு பலமான இளவட்டங்கள்தான் போக வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இல்லை என்றால், அந்த இரண்டு சீட்டும் உங்களுக்குப் பயன்படாது. அப்போது ஏழு சீட்டுக்கு எதற்குக் காசு?

கடைசி வரிசைக்கு ஏசி காற்று வருகிறதா, மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலையைத் தாங்கும் மெத்தை மேலே தூக்க முடிகிறதா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வண்டியை மோதவைத்துப் பார்த்துக் கொடுக்கும் என்கேப் பாதுகாப்பு நட்சத்திரம் முக்கியம்தான், இந்தியாவிலேயே பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கிவிட்டது, நீங்கள் எடுக்கும் மாடலின் முடிவைப் பாருங்கள். ஆனால் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைக்கும் அந்த முன்பக்கச் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்சீட்டிலும் குழந்தை பொம்மைகள் நடுசீட்டிலும் இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை அந்த நட்சத்திரம் சொல்லாது. முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பெட்டி வைக்கும் இடமும் அங்கேதான் அடிபடும். கடைசி சீட்டில் ஆள் உட்கார்ந்தால் எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216, டிரைபரில் 84. இரண்டு மூன்று பைக்கு மேல் போகாது. ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டியும் என்றால் மேலே கேரியர் போடுவார்கள். மேலே எடை ஏறினால் வளைவில் வண்டி சாய்வது கூடும், கடைசி சீட்டில் இருப்பவர் இன்னும் ஆடுவார். கேரியர் போட்டால்தான் முடியும் என்ற நிலை அடிக்கடி வருமானால், ஒரு படி பெரிய வண்டியைப் பாருங்கள்.

இறங்கும்போது

ஏறும்போது என்ன குறை இருந்தாலும் நேரம்தான் வீணாகும். இறங்கும்போது இருக்கும் குறை உயிருக்கே ஆபத்து. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது அதே ஆட்களோடு இறங்கியும் பாருங்கள். இரண்டாம் கியரில் காலை எடுத்தால் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறதா, இல்லை உருண்டு வேகம் எடுக்கிறதா? ஆட்டோமேட்டிக்கில் கியரை நாமே குறைத்துப் பிடிக்க வழி வேண்டும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. அந்த வசதி இல்லாத ஆட்டோமேட்டிக்கை மலைக்கு எடுக்காதீர்கள். கீழே வந்ததும் இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் கருகிய வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

சந்தும் சரிவும்

வீட்டு வழியை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். எர்டிகா 4435 மில்லிமீட்டர் நீளம், 1735 அகலம். ஹைகிராஸ் 4755 நீளம், 1850 அகலம். தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். லேம்ஸ் ராக் தாண்டி டால்பின் நோஸ் போகும் சாலையில் எதிரே அரசுப் பேருந்து வந்து நீங்கள் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் அந்த நாலரை அங்குல அகலமும் ஓரத்து வடிகாலும் புரியும்.

நம் ஊரில் நிறைய வீடுகள் சாலைக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கின்றன. வாசலுக்கு ஏறும் சரிவு சாலையோடு சேரும் விளிம்பில் நீளமான வண்டியின் வயிறு உரசும். காலி வண்டிக்கு 180 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் தரை இடைவெளி, ஆள் நிறைந்தால் கணிசமாக இறங்கிவிடும். வாசலில் ஏற்றிப் பார்ப்பதும் ஆட்களோடுதான்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதையும் கேளுங்கள். எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ், டிரைபர் எல்லாம் முன்சக்கரம் இழுப்பவை. பின்னால் ஆட்களை நிறைத்துச் செங்குத்தாக ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரம் இலேசாகும். மழைக்காலத்தில் பாசி பிடித்த கான்கிரீட் பாதையில், தேயிலைத் தோட்டத்து மண்பாதையில், அது வழுக்கிச் சுற்றும். கிரிஸ்டாவில் பின்சக்கரம் இழுக்கிறது, ஆள் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில் இருப்பவர்கள், எஸ்டேட்டுக்குள் வீடு உள்ளவர்கள் அந்தப் பழைய மாதிரி வண்டியை இன்னும் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் நியாயம் இருக்கிறது. தார்ச்சாலையை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூடுபனியைப் பற்றிச் சுருக்கமாக. பின்கண்ணாடிக்கு வைப்பரும், ஈரத்தை நீக்கும் கம்பிச்சூடும் கட்டாயம் வேண்டும். குறைந்த விலை வகைகளில் இவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஏழு பேர் மூச்சு விடும் வண்டியில் கண்ணாடி உடனே மங்கும். குளிர்கிறது என்று ஏசியை அணைக்காமல், ஏசியோடு சூட்டையும் சேர்த்துக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளியும், அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பாருங்கள். பனிவிளக்கு கீழே, பம்பரில் இருப்பது நல்லது. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

காசு

தமிழ்நாட்டில் சாலை வரி வண்டியின் விலையைப் பொறுத்துத் தாவும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. ஆகவே 9.90 லட்சம் விலையுள்ள வகைக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்சம் விலையுள்ளதற்கு 1,81,800 ரூபாய். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. விற்பனையாளர் "இன்னும் கொஞ்சம்தான் சார், மேல் வகைக்குப் போயிடலாம்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியிருக்கிறது. 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு 18 சதவீதம், 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் வண்டிக்கு 40. டிரைபர் விலையில் இவ்வளவு இறங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, வெளியில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சர்வீஸ் எங்கே செய்வார்கள் என்பது மைலேஜைவிட முக்கியமான கேள்வி. மேலேயே சர்வீஸ் சென்டர் இருந்தால் அரை நாள் வேலை. ஒவ்வொரு முறையும் கோவைக்கு இறங்க வேண்டும் என்றால் ஒரு நாள் போகும், மழையில் மண் சரிந்து பாதை மூடினால் வண்டி அங்கேயே நிற்கும். நீங்கள் எடுக்கப் போகும் அதே எஞ்சின் வண்டியை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் இரண்டு பேரிடமாவது கிளட்ச், பிரேக் பேட், டயர் எவ்வளவு ஓடியது என்று கேளுங்கள். நிறுவனம் போடும் லிட்டர் கணக்கு ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது, நம் பாதைக்கு உள்ளூர்க்காரர் சொல்வதுதான் கணக்கு.

வண்டியைக் கோவையில் வாங்கினாலும் பதிவை ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செய்யச் சொல்லுங்கள். 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவால் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, டிஎன் 43 எண் இருந்தால் அந்த வேலை இல்லை.

பணம் முழுவதும் கட்டுவதற்கு முன்பு, பதிவுக்கும் முன்பு, வண்டியைப் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். ஃபாரம் 21 என்னும் விற்பனைச் சான்றிதழில் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று இருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-வது வாரம். ஐந்து டயரையும் பாருங்கள். மாற்று டயர் முழு அளவா, ஒல்லியான தற்காலிக டயரா, இல்லை பஞ்சர் ஒட்டும் பாட்டில் மட்டும்தானா? முழு டயர் இல்லாத வண்டியோடு நடுராத்திரி கொண்டை ஊசி வளைவில் ஏழு பேர் நிற்க முடியாது. தயாரிப்பு மாதம் மிகப் பழையதாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள், எண் விழுந்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

வண்டியை எடுத்த புதிதில் பிரேக் பேடுகள் தட்டோடு முழுமையாகப் படிந்திருக்காது. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி அவை படிந்த பிறகு, ஏழு பேரோடு மேட்டுப்பாளையம் இறங்குங்கள்.